தெரியுதா?

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே. எண்பதுகளின் கடைசியில் வீட்டுக்கு டி.வி. வந்தபோது, மொட்டைமாடியில் நட்ட ஆன்டெனா கொடைக்கானல் மலையைப் பார்த்தபடி நின்றது. காற்றடித்தால் கம்பம் திரும்பிவிடும், படத்தில் புள்ளி விழும். விடுப்பில் நான் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் தம்பி மாடியேறிக் கம்பத்தைத் திருகுவான், நான் கீழே பெட்டிக்கு முன்னால் நிற்பேன். "அண்ணே, தெரியுதா?" என்று மேலிருந்து கத்துவான். "இல்ல… இன்னும் கொஞ்சம்… ஆங், தெரியுது… அய்யோ, போச்சு!" என்று நான் கீழிருந்து கத்துவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் பாதி வீடுகளில் இதே சத்தம்தான்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. மாடியில் நிற்பவனுக்கு மலை தெரியும், படம் தெரியாது. கீழே நிற்பவனுக்குப் படம் தெரியும், மலை தெரியாது. இருவரும் சேர்ந்தால்தான் வீட்டுக்கு ஒளியும் ஒலியும்.

எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. வேலை பார்த்த காலத்தில் பாதியை மைக்ரோவேவ் சர்வேயில் கழித்தவன். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தொலைபேசிப் பேச்சைக் காற்று வழியாகக் கொண்டுபோக வேண்டுமானால், ஒரு டவரின் உச்சிக்கு மற்ற டவரின் உச்சி தெரிய வேண்டும். இடையில் மலையோ மேடோ மரமோ மறிக்கக் கூடாது. இப்படி ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குத் தாவுவதை 'ஹாப்' என்போம். எது தெரியும், எது தெரியாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்டை, அதாவது உயரக்கோடுகள் போட்ட வரைபடத்தை, மேசையில் விரித்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பென்சிலால் கோடு இழுப்போம். அந்தக் கோடு எந்தெந்த உயரக்கோட்டை எங்கெங்கே வெட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, வளைவு அச்சடித்த வரைதாளில் நிலத்தின் குறுக்குவெட்டை வரைவோம். அது ஏன் வளைந்த தாள்? பூமி உருண்டை. 40 கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு பேர் நின்றால், நடுவில் ஒரு மேடும் இல்லாத சமவெளியானாலும், பூமியின் முதுகே 31 மீட்டர் புடைத்து நிற்கும். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. காற்று மண்டலம் ரேடியோ அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துக் கொடுப்பதால், எங்கள் கணக்கில் அந்தப் புடைப்பு 23.5 மீட்டராகக் குறையும். குறையுமே தவிர, இல்லாமல் போகாது. இரண்டு பேர் தள்ளி நின்றாலே போதும், யாரும் எதுவும் செய்யாமலே நடுவில் ஒரு மேடு முளைத்துவிடும் என்பதை நான் அந்தத் தாளில்தான் முதலில் கற்றேன்.

தாளில் வரைந்ததோடு வேலை முடியாது. நேரில் போய்க் கண்ணாடி காட்ட வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், கையில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. செல்போன் இல்லாத காலம். காலை 10 மணி என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டு, வெயிலைப் பிடித்து எதிர்த்திசையில் அடிப்போம். வெகு தூரத்தில், புகைமூட்டத்துக்குள், ஊசிமுனை போல ஒரு வெளிச்சம் மினுக்கும். அதைப் பார்த்ததும் நாங்கள் பதிலுக்கு மினுக்குவோம். பதில் வந்தால்தான் சர்வே நோட்டில் 'தெரிகிறது' என்று எழுதலாம்.

இந்தப் பிழைப்புக்கு எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்துச் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையும் மற்ற முனைகளுக்குத் தெரிந்தால்தான் அளவை நடக்கும். மலைநாட்டில் சிரமமில்லை. காவிரிப் பாசன நிலத்துக்கு வந்ததும் மாட்டிக்கொண்டார்கள். வயலும் தென்னையுமாகத் தட்டை நிலம். உயரம் என்றால் கோயில்தான். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தன் கையாலேயே வாரக்கணக்கில் தட்டிச் சீர்செய்து மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. எதிரில் இருப்பது தெரியவில்லை என்றால் அவர்கள் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. ஏறி நிற்க எங்கே உயரம் கிடைக்கும் என்று தேடினார்கள்.

போன வருடம் என் மகன் வழிப் பேத்தி மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தாள். சென்னையில் புவித் தகவலியல் படிக்கிறாள். "தாத்தா, நீங்க சர்வே பண்ணின ஒரு ஹாப் சொல்லுங்க, போட்டுப் பாக்கலாம்" என்றாள். 1982இல் தர்மபுரிப் பக்கம் நான் பார்த்த ஒன்றைச் சொன்னேன். குன்றின் மேல் நான் நின்றேன். 40 கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருந்த சிற்றூரில், எக்ஸ்சேஞ்ச் டவரின் மேலே லைன்மேன் ஏறி நின்று கண்ணாடி காட்டினார். நடுவில் ஒரு வறண்ட முகடு. அவருடைய மினுக்கலை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவள் கியூஜிஐஎஸ் மென்பொருளைத் திறந்தாள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ரேடாரால் எடுத்த உயர அளவுகளை அதில் ஏற்றினாள். நிலம் முழுவதும் 30 மீட்டர் சதுரங்களாக, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் உயரம். பார்ப்பவர் ஒரு புள்ளி, பார்க்கப்படுவது ஒரு புள்ளி. மென்பொருள் நடுவில் உள்ள ஒவ்வொரு சதுரத்தையும் தொட்டுக்கொண்டே போகிறது. கண்ணிலிருந்து அந்தச் சதுரம் எவ்வளவு நிமிர்ந்த கோணத்தில் இருக்கிறது, இலக்கு எவ்வளவு கோணத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுகிறது. நடுவில் ஒன்றாவது இலக்கைவிட நிமிர்ந்து நின்றால் சிவப்பு, ஒன்றும் நிமிரவில்லை என்றால் பச்சை. நாங்கள் இரண்டு நாள் குனிந்து வரைந்ததை அது ஒரு மூச்சில் செய்துவிட்டது.

சிவப்பு.

"தெரியாது தாத்தா."

"என் கண்ணால பாத்தேம்மா."

"முகடு மறைக்குதே…"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் கிட்டே பார்த்தேன். இரண்டு கட்டங்கள் இருந்தன. பார்ப்பவர் உயரம் என்ற கட்டத்தில் அவள் 40 என்று போட்டிருந்தாள், குன்றின் மேல் பிறகு எழும்பிய டவருக்காக. இலக்கின் உயரம் என்ற கட்டத்தில் பூஜ்யம். "அந்தப் பக்கம் மட்டும் ஏம்மா தரையில நிக்கிறாங்க? அவங்களுக்கும் ஒரு டவர் இருந்துச்சே" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயும் 40 போட்டாள். கோடு பச்சையானது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பூஜ்யம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதை நானும் போட்டிருக்கிறேன். வரைதாளில் இல்லை, வீட்டில்.

நான் மலைமலையாகத் திரிந்த காலத்தில் ஊரில் அம்மாவோடு இருந்தவன் தம்பி. மாதம் பிறந்தால் மணியார்டர் அனுப்புவேன். அதோடு என் கடமை முடிந்ததென்று நினைத்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அம்மா பெயரிலிருந்த கிணற்றுத் தோட்டம் கைமாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்குப் போய் நடுவாசலில் நின்று, "ஒனக்கு என்னடா தெரியும்?" என்று கேட்டேன். நான் நாலு மாவட்டம் சுற்றியவன், அவன் ஊர் எல்லையைத் தாண்டாதவன் என்கிற எண்ணம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அவன் பதில் சொல்லவில்லை. பதினோரு வருடம் சொல்லவில்லை.

நம் மொழியில் 'தெரியும்' என்பது கண்ணுக்கும் சொல்கிற சொல், அறிவுக்கும் சொல்கிற சொல். மலை தெரிகிறது, கணக்குத் தெரியும், இரண்டுக்கும் ஒரே வேர். அதனால்தானோ என்னவோ, கண்ணுக்குத் தெரியாததை அறிவுக்கும் தெரியாததாக்கிவிடுகிறோம். நான் நின்ற இடத்திலிருந்து அவன் தெரியவில்லை. உடனே அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அம்மாவின் மருத்துவச் செலவுக்குத்தான் தோட்டம் போனது. எனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன் என்பதால், என்னிடம் சொல்ல வேண்டாம் என்றவளும் அம்மாதான். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைத் தோளில் சாய்த்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனவன் அவன். அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்க அவன் நின்ற உயரம் என்னிடம் இல்லை. என் டவரின் உயரத்தை மட்டும் கணக்கில் எழுதி, அவனைத் தரையில் நிறுத்தியிருந்தேன். இருவருக்கும் அவரவர் உயரத்தைக் கொடுத்தால், இங்கிருந்து அங்கே தெரிவது அங்கிருந்து இங்கேயும் தெரியும். ஒருவருக்கு மட்டும் பூஜ்யம் போட்டால் கணக்கே கோணலாகிவிடும். மென்பொருள் பொய் சொல்லாது, கொடுத்ததை வைத்துத்தான் சொல்லும். மனசும் அப்படித்தான்.

கதை இங்கே சுபமாக முடிந்ததென்று எழுத ஆசைதான். பேத்தியின் திரையில் கோடு பச்சையானதும் அவள் கைதட்டினாள். நான் கேட்டேன்: "முகட்டுக்கு மேல எத்தனை மீட்டர் இடம் இருக்கு?" பார்த்துச் சொன்னாள்: "நாலு." "அப்ப கண்ணுக்குத் தெரியும், பேச்சுப் போகாது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

மைக்ரோவேவ் அலை நூல் பிடித்த மாதிரி ஒற்றைக் கோட்டில் போவதில்லை. வெள்ளரிக்காய் மாதிரி நடுவில் பருத்துப் போகும். 6 கிகாஹெர்ட்ஸ் அலை 40 கிலோமீட்டர் போனால், நடுவழியில் அந்தப் பருமனின் ஆரம் 22 மீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்காவது, அதாவது 13 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரு நூல் போதும், பேச்சுக்கு இடம் வேண்டும். 1982இல் அந்த முகடு மொட்டையாக இருந்தது, இடம் தாராளம். அதற்குப் பிறகு அங்கே தைலமரம் நட்டார்கள். 2000இல் வந்த ரேடார் தரையை அளக்கவில்லை, பெரும்பாலும் மரத்தின் தலையில் பட்டுத் திரும்பிவிட்டது. அதனால் வரைபடத்தில் முகடே உயர்ந்துவிட்டது.

உண்மை தெரிந்த பிறகு எங்களுக்கும் இதுதான் நடந்தது. கல்யாண வீடுகளில் தம்பியைப் பார்ப்பேன், அவனும் பார்ப்பான். கோடு பச்சைதான். ஆனால் பேச்சு வரவில்லை. பதினோரு வருட மரம் நடுவில் வளர்ந்திருந்தது. தப்பு என் பக்கம் என்று தெரிந்துகொள்வது ஒன்று, அதைச் சொல்வதற்கு வாய் திறக்க இடம் கிடைப்பது வேறு.

இப்படிப்பட்ட ஹாப்பில் சர்வேக்காரன் முட்டி மோத மாட்டான். இரண்டு பக்கமும் தெரிகிற மூன்றாவது இடம் ஒன்றைத் தேடி, அங்கே ரிப்பீட்டர் வைப்பான். எங்களுக்கு அது அத்தை. அப்பாவின் தங்கை, எண்பது வயது, இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறவர். நல்ல ரிப்பீட்டருக்கு ஒரே இலக்கணம்: வந்ததை வலுவாக்கி அனுப்ப வேண்டும், தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது. அத்தை உப்பு புளி சேர்க்காதவர். நான் சொன்னதை அப்படியே கொண்டுபோனார். நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு சொல்லுங்க." மூன்றாம் நாள் தம்பி ஒரு மூட்டை நிலக்கடலையோடு என் வாசலில் நின்றான். தோட்டத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. சில மரங்களை வெட்ட வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு போனால் போதும்.

இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. யாரைப் பற்றியாவது "அவனுக்கு என்ன தெரியும்" என்று நாக்கில் வரும்போது, அந்த இரண்டாவது கட்டத்தில் என்ன எண் போட்டிருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மருமகளுக்கு, மேலதிகாரிக்கு, பதினாறு வயது மகனுக்கு. அவர்கள் எதன் மேல் ஏறி நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால் கேளுங்கள்.

போன தீபாவளிக்குத் தம்பி வீடியோ கால் போட்டான். அவனுக்கும் எழுபது தாண்டிவிட்டது, கை நடுக்கம் வேறு. திரை முழுக்க வேட்டியும் திண்ணையும் ஆடிக்கொண்டிருந்தன.

"அண்ணே, தெரியுதா?"

"உன் காலுதாண்டா தெரியுது. போனைக் கொஞ்சம் தூக்கிப் புடி."