பழகியவர்களைக் கொன்றால் கதை உயர்ந்துவிடுமா?

கதையில் வருகிற ஒருத்தி செத்துப் போனதற்காக நான் இரண்டு நாள் சரியாகப் பேசாமல் இருந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் இவரும் சிரிக்கத்தான் செய்தார். "ரசத்துல உப்பு இல்லேன்னு சொல்ல வேண்டாம். வீட்டுல துக்கம் நடந்திருக்கு" என்று கேலி வேறு!

அந்தப் பெண் நம் ஊர் சீரியலில் வருகிறவள் இல்லை. 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விஞ்ஞானத் தொடரில் வருகிறவள். என்டர்பிரைஸ் என்ற விண்வெளிக் கப்பலில் பாதுகாப்புப் பொறுப்பு முழுவதும் அவளுடையது. பெயர் டாஷா யார். பெயரைக் கேட்டதும் என் மாமியார், "டாஷா யாரு?" என்றார். "ஆமா பாட்டி, டாஷா யார்தான்" என்றான் என் பையன். "அதைத்தாண்டா நானும் கேக்கறேன்!" என்றார் அத்தை. இந்தக் கூத்து ஒரு வாரம் நடந்தது.

ப்ளஸ் டூ வரை படித்த நான் இங்கிலீஷ் தொடர் பார்க்க உட்கார்ந்ததற்கு என் மாமனார்தான் காரணம். 1980-களில் தூர்தர்ஷனில் பழைய ஸ்டார் ட்ரெக் வந்தபோது, சின்னப் பையனாக இருந்த இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பாராம். அந்தப் பைத்தியம் பேரனையும் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 79 பகுதிகளையும் தாத்தாவும் பேரனும் ஒன்று விடாமல் பார்த்து முடித்தார்கள். அடுத்த தொடரை ஆரம்பிக்கலாம் என்று இருந்த சமயத்தில், 2023 ஐப்பசியில் மாமனார் காலமாகிவிட்டார்.

சில மாதம் கழித்துப் பையன் தானாகவே அந்த அடுத்த தொடரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தனியாக உட்கார்ந்திருக்கிறானே என்று, துணி மடிக்கிற சாக்கில் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கீழே ஓடுகிற எழுத்தைப் படித்தும், புரியாததை அவனிடம் கேட்டும், பத்துப் பகுதிக்குள் எனக்கும் அந்தக் கப்பல் மனிதர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பழைய தொடரில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் கிர்க், ஸ்பாக், டாக்டர் மெக்காய் மூவரும் புதிய கிரகத்தில் இறங்குவார்கள். கூடவே, நாம் அதுவரை பார்த்தே இராத ஒரு சிவப்புச் சட்டைக்காரரும் இறங்குவார். ஆபத்து வந்தால் போகிற உயிர் பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும்! "சிவப்புச் சட்டை வந்துட்டான், போச்சு" என்று மாமனார் முன்கூட்டியே சொல்லிச் சிரிப்பாராம். செத்தவன் பெயர்கூட நமக்கு நினைவிருக்காது. மற்றவர்கள் கடைசிக் காட்சியில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

1987-ல் தொடங்கிய தொடர் அந்த வழக்கத்தை உடைத்துவிட்டது. முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே, 1988 ஏப்ரலில் வந்த பகுதியில் டாஷாவைக் கொன்றுவிட்டார்கள். அதுவும் எப்படி? தார் மாதிரிக் கறுப்பாக ஒரு ஜந்து. சக தோழி ஒருத்தி விபத்தில் சிக்கிக் கிடக்கிறாள். அவளுக்கு உதவி செய்ய டாஷா இரண்டு அடி எடுத்து வைக்கிறாள். அந்த ஜந்து ஒரே வீச்சில் தூக்கி எறிகிறது. அவ்வளவுதான். சண்டை இல்லை, வசனம் இல்லை. கப்பலுக்குக் கொண்டுபோய் டாக்டர் என்னென்னவோ செய்து பார்க்கிறார். உயிர் திரும்பவில்லை.

நான் மடித்த துணியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு, "என்னடா, அடுத்த வாரம் எழுந்துடுவாளா?" என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை.

அந்தப் பகுதியின் முடிவில் ஒரு காட்சி வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், எனக்கும் இவருக்கும் நடந்த வாக்குவாதத்தைச் சொல்லிவிட வேண்டும்.

"நல்லதுதானே! யாரும் சாகமாட்டாங்கன்னு தெரிஞ்சுட்டா கதையில என்ன பயம் இருக்கும்? இனிமே ஒவ்வொரு ஆபத்தும் நிஜ ஆபத்து மாதிரி இருக்கும்" என்றார் இவர். நியாயம்தான். ஆனால் விஷயம் அத்தனை உயர்ந்ததாக இல்லை. டாஷாவாக நடித்த டெனிஸ் கிராஸ்பிக்குத் தொடரில் செய்வதற்குப் போதுமான வேலை இல்லை. அதனால் அவரே விலகிக்கொள்ளக் கேட்டார். அவரை அனுப்ப வேண்டியிருந்ததால் பாத்திரத்தைக் கொன்றார்கள். அனுப்புவதற்குக் கொலை ஒன்றுதானா வழி?

அதே முதல் வருஷ முடிவில், டாக்டர் பெவர்லி கிரஷராக நடித்த கேட்ஸ் மெக்ஃபேடனும் தொடரிலிருந்து போனார். அந்த டாக்டரைக் கொல்லவில்லை. வேறு இடத்துக்கு உத்தியோகத்தில் மாற்றி அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து, மூன்றாம் வருஷத்தில் அவர் திரும்பி வந்தார். கதவைச் சாத்தியவர்கள் பூட்டுப் போடவில்லை, அதனால் திறக்க முடிந்தது. வீட்டில் சண்டை போடும்போதுகூடப் பெரியவர்கள் சொல்வார்களே, திரும்பி முகத்தில் முழிக்கிற மாதிரிப் பேசு என்று. கதை எழுதுகிறவர்களுக்கும் அந்தப் புத்தி வேண்டும்.

இன்னொரு சாவு என்னை இதைவிட அதிகமாகக் கோபப்படுத்தியது. 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற தொடரில் ஜாட்ஸியா டாக்ஸ் என்று ஒருத்தி. ஆறு வருஷம் பார்த்துப் பழகிய பெண். கெட்டிக்காரி, சிரித்த முகம். முன்பு டாஷாவின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட வோர்ஃப் என்ற வீரனைத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள். இருவருக்கும் குழந்தை பிறக்க வழி இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். அந்தச் சந்தோஷத்தில் கோயிலுக்குப் போகிறாள். போன இடத்தில், தீய சக்தி புகுந்த எதிரி ஒருவன் வந்து அவளைக் கொன்றுவிடுகிறான். இது 1998-ல் வந்த பகுதி.

குழந்தை வேண்டி நின்றவளை, சாமி சந்நிதியில்! அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. நடித்த டெரி ஃபாரலுக்கு ஏழாவது வருஷத்துக்கு ஒப்பந்தம் கூடிவரவில்லை என்று பையன் விளக்கினான். அது அவர்கள் கணக்கு. பார்க்கிறவள் மனசுக்கு அந்தக் கணக்கு தெரியுமா?

டாக்ஸ் என்பது உண்மையில் அவள் வயிற்றுக்குள் வாழ்கிற ஒரு சிறு உயிரின் பெயர். ஓர் உடம்பு போனால், அந்த உயிரை இன்னொருவர் உடம்புக்கு மாற்றுவார்கள். பழைய நினைவெல்லாம் கூடவே போகும். அப்படி எஸ்ரி என்ற புதுப் பெண் வந்தாள். இதைக் கேட்ட அத்தை, "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நம்ம சீரியல்ல எழுத்துப் போடுவானே, 'இவருக்குப் பதில் இவர்'னு, அதானே இது!" என்றார். நாங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம்.

யோசித்துப் பார்த்தால் அத்தை சொன்னது சரிதான். இங்கிலாந்தின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1966-லேயே இதைச் செய்துவிட்டார்கள். கதாநாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நலம் குன்றியது. உடனே, 'இந்த டாக்டர் சாவதில்லை, உடம்பு மாறி எழுந்திருப்பார்' என்று கதை பண்ணி இன்னொரு நடிகரைக் கொண்டுவந்தார்கள். 1963-ல் தொடங்கிய தொடர் பல பத்து வருஷங்கள் ஓடியதற்கு இந்த யுக்தி ஒரு பெரிய காரணம். கொல்லாமலும் கதை வளரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் அதே தொடரில், 1982-ல் அட்ரிக் என்ற பையனைக் கொன்றார்கள். கணக்கில் புலி. கணக்குத் திறமைக்காகக் கொடுத்த சின்னம் ஒன்றை எப்போதும் சட்டையில் குத்தியிருப்பான். அந்தப் பகுதி முடிந்து பெயர்கள் ஓடும்போது வழக்கமான பாட்டு இல்லை. உடைந்த சின்னத்தை மட்டும் காட்டி, சத்தமே இல்லாமல் பெயர்கள் ஓடின. அந்த ஒரு நிமிஷ மௌனம் ஆயிரம் அழுகைக்குச் சமம். அடுத்த கதையில் தோழி, "காலத்தில் பின்னால் போய் அவனைக் காப்பாற்றுங்கள்" என்று கெஞ்சுகிறாள். காலத்தைத் தாண்டும் வண்டியையே வைத்திருக்கிற டாக்டர், முடியாது என்கிறார். அது வரைக்கும் நன்றாக இருந்தது. ஆனால் சில நிமிஷத்திலேயே, மனசு மாற எங்கேயாவது போகலாம் என்று புறப்பட்டுவிடுகிறார்கள். அந்த மௌனம் மனசில் இறங்குவதற்குள் வேறு வேலை!

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒரு பாத்திரத்தைக் கொல்வதால் கதை உயருவதும் இல்லை, தாழுவதும் இல்லை. இருக்கிறவர்கள் அதற்கப்புறம் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்த நாற்காலி காலியாக இருப்பது யார் கண்ணிலாவது படுகிறதா?

டாஷா விஷயத்தில் அது பட்டது. அதனால்தான் முதலில் கோபப்பட்ட நானே பிறகு சமாதானம் ஆனேன். அந்தக் கப்பலில் டேட்டா என்று ஒரு இயந்திர மனிதன். 1989-ல் வந்த ஒரு பகுதியில், அவன் ஒரு மனிதனா, வெறும் சாமானா என்று விசாரணை நடக்கிறது. அவன் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த சில பொருள்களில் ஒன்று, டாஷாவின் சிறிய ஒளி உருவம். அந்தச் சின்னப் பொருளும் விசாரணையில் அவன் பக்கம் பேசுகிறது. 1990-ல் இன்னொரு பகுதி. சரித்திரம் தடம் மாறி, டாஷா சாகாமல் இருக்கிற ஓர் உலகம். வேறொரு வாழ்வில் தான் அர்த்தமில்லாமல் செத்துப்போனதை அவள் தெரிந்துகொள்கிறாள். பல உயிர்களைக் காப்பாற்றுவதற்காகச் சாவை நோக்கிப் போகிற ஒரு கப்பலில் தானே கேட்டு ஏறிக்கொள்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் செய்த தவறை எழுதியவர்களே இப்படித் திருத்திக்கொண்டார்கள். அவளை மறந்திருந்தால் திருத்தியிருக்க முடியுமா?

இப்போது அந்தக் கடைசிக் காட்சி. தன் வேலை ஆபத்தானது என்று தெரிந்த டாஷா, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி முன்பே ஒரு செய்தி பதிவு செய்து வைத்திருக்கிறாள். பச்சைப் புல்வெளியில் எல்லோரும் நின்று அதைக் கேட்கிறார்கள். கேட்டு முடித்தபின் டேட்டா கேப்டனிடம் வந்து தன் குழப்பத்தைச் சொல்கிறான். இது டாஷாவை நினைக்க வேண்டிய நேரம். ஆனால் அவள் இல்லாமல் என் நாட்கள் எப்படி வெறிச்சென்று இருக்கும் என்று என்னைப் பற்றியே நினைக்கிறேனே, நான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டேனா என்கிறான். இல்லை, சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாய் என்கிறார் கேப்டன்.

டிவியை நிறுத்திவிட்டுப் பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அம்மா, தாத்தா செத்தப்ப நான் அழலை. இனிமே யாரு என்கூட கேரம் ஆடுவாங்கன்னுதான் தோணிச்சு. நான் சுயநலக்காரன்னு நெனச்சு யாருகிட்டயும் சொல்லலை" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, அத்தை பார்த்து அழக்கூடாது என்று மாமனாரின் சாய்வு நாற்காலியைப் பரணில் ஏற்றியவள் நான்தான். அவர் பேச்சை யார் எடுத்தாலும், "சாப்பிட வாங்க" என்று பேச்சை மாற்றியவளும் நான்தான். பையன் நன்றாகப் படிக்கிறான், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், மறந்துவிட்டான் என்று இருந்தேன். சிவப்புச் சட்டைக்காரன் செத்ததும் சிரித்துக்கொண்டே கிளம்புகிறார்களே, அந்த மாதிரிதான் நான் எங்கள் வீட்டை ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அது சுயநலம் இல்லடா கண்ணா, அதுக்குப் பேருதான் பாசம்" என்றேன். அப்போதுதான் அவன் அழுதான்.

மறுநாள் இவரிடம் சொல்லி நாற்காலியை இறக்கி, துடைத்து, பழைய இடத்திலேயே போட்டோம். அத்தை அதைத் தடவிப் பார்த்து ஒரு பாட்டம் அழுதார். அழுது முடித்துவிட்டு, "இந்தக் கைப்பிடியில அவரு காபி டம்ளரை வெச்சு வெச்சே தடம் விழுந்துபோச்சு, பாரு" என்று சிரித்தார். அன்று ராத்திரி வெகுநேரம் மாமனார் பேச்சாகவே இருந்தது.

இப்போது கேரம் ஆடப் பையன் எதிரில் அத்தைதான் உட்காருகிறார். தோற்றால் ஒத்துக்கொள்வதே இல்லை!