பன்குளத்து வீதியில் இலையுதிர்காலம்

ஓகஸ்ட் 9, சனி

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்திருக்கும் மச்சாளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அநுராதபுர வீதியால் போனோம். கன்னியாவில் வெந்நீரை வாளி வாளியாக ஊற்றி முடிக்கவே வெயில் ஏறிவிட்டது. பன்குளத்தை நெருங்க, காடு வெளிறித் தெரிந்தது.

"மச்சான், இந்த மரமெல்லாம் பட்டுப்போச்சோ?"

பட்டுப்போகவில்லை. முதிரை இலையைக் கொட்டிவிட்டு நிற்கிறது. பக்கத்திலேயே பாலையும் வீரையும் கரும்பச்சையாய். இனிப் பெருமழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரவேண்டும். அதுவரை இலை வழியே போகிற தண்ணீரை மிச்சம்பிடிக்கிறது முதிரை. பாலைப்பழக் காலம் முடிந்துவிட்டது. முந்தி வந்திருந்தால் வீதியோரம் வாங்கித் தின்று, பிள்ளைகள் உதட்டில் பால் ஒட்டிக்கொண்டு திண்டாடியிருப்பார்கள்.

ஒக்டோபரில் மேப்பிள் பார்க்க அல்கொன்குவின் காட்டுக்கு மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போவார்களாம். அங்கே மரத்துக்கு நாள் குறிப்பது பகல் வெளிச்சம். ரொறன்ரோவில் கோடைப் பகலுக்கும் மாரிப் பகலுக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். திருகோணமலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பகல் குறுகக் குறுக இலையின் பச்சையம் சிதைகிறது. மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. மேப்பிளில் சிவப்பு புதிதாகவே ஊறுகிறது. மச்சாள் படங்களைக் காட்டினாள். அழகுதான். ஆனால் ஒரு மலை முழுக்க ஒரே கிழமையில் நிறம் மாறுவது எனக்கு அணிவகுப்பு மாதிரி இருந்தது. இங்கே மரத்துக்கு மரம் கணக்கு வேறு.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

சிவப்பு இலை வேண்டுமென்று சின்னவள் விடாப்பிடி. துறைமுகப் பக்கத்து வாதுமை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். உள்ளங்கையைவிடப் பெரிய இலை. ஓரம் கருஞ்சிவப்பு, நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை மிச்சம். ஒரு கட்டுப் பொறுக்கினாள். நான் கொட்டையைக் கல்லில் உடைத்துப் பருப்பெடுத்துக் கொடுத்தேன். அதற்குத்தான் மவுசு கூட.

மார்ச் 14, சனி

அதே பன்குளத்து வீதி, இம்முறை தனியாக. கூழா தளிர்த்திருக்கிறது. எட்டத்திலிருந்து பார்த்தால் மரம் முழுக்கப் பூ என்றுதான் தோன்றும். கிட்டப் போனால் எல்லாம் இலை: செம்பு நிறத்தில், எண்ணெய் பூசிய மினுக்கத்தோடு, விறைப்பில்லாமல் தொங்குகிறது. முற்றாத இலையை வெயிலிலிருந்து இந்தச் சிவப்புச் சாயம் காக்கிறது என்கிறார்கள். மேப்பிள் உதிரப்போகும்போது பூசிக்கொள்கிற அதே வகைச் சாயத்தைக் கூழா பிறக்கும்போதே பூசிக்கொள்கிறது. பச்சையானதும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

படம் அனுப்பி, வந்து பார்க்கச் சொன்னேன். பங்குனியில் அங்கே பள்ளி விடுமுறை ஒரு கிழமைதானாம்; ரிக்கெற் விலைக்கு அது கட்டாது என்கிறாள் மச்சாள்.