மார்க்கெட் ஹார்பரோவில் ஒரு வீடு

இங்கிலாந்துக்குச் சென்று வருவோர் பலரும் இலண்டன் மாநகரைக் கண்டு வியந்து எழுதியுள்ளனர். ஆயின் அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வை அறிய விழைவோர் அதன் சந்தை ஊர்களுக்குச் செல்லுதல் வேண்டும். சுற்றுப்புறச் சிற்றூர்களின் விளைபொருளை விற்பதற்கென முற்காலத்தில் உரிமை பெற்று வளர்ந்தவை அவ்வூர்கள். நம் சங்கத்து அன்பர்களின் மக்கள் பலர் இன்று அத்தகைய ஊர்களில் பணியாற்றுகின்றனர். சிலர் வீடும் வாங்குகின்றனர். என் மகளும் மருமகனும் 2025-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மார்க்கெட் ஹார்பரோ என்னும் ஊரில் வீடு வாங்கினர். அவ்வமயம் அவர்களுடன் சில திங்கள் தங்கியிருந்தேன். அங்குக் கண்டறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகின்றேன்.

மார்க்கெட் ஹார்பரோ, லெஸ்டர்ஷயரின் தென்கோடியில் வெல்லண்ட் என்னும் சிற்றாற்றின் கரையில் உள்ளது. இலண்டன் செயிண்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். லெஸ்டர் நகரம் 24 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1972-இல் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்திய வமிசத்தார் பலர் குடியேறிய நகரம் அது. ஆதலின் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் பஞ்சமில்லை.

ஊரின் நடுவே பழைய இலக்கணப் பள்ளி நிற்கிறது. 1614-இல் கட்டப்பட்டது. பருத்த மரத்தூண்களின் மேல் மாடியில் பள்ளி. கீழ்த்தளம் நாற்புறமும் திறந்த வெளி. மழையில் நனையாமல் வெண்ணெய் விற்பதற்காக அவ்வாறு அமைத்தனராம். மேலே கல்வியும் கீழே வாணிகமுமாக ஒரே கூரையைப் பகிர்ந்துகொண்ட அக்கட்டடத்தைக் கண்டதும் இவ்வூரின் இயல்பு விளங்கிவிடும். 1915-இல் தம் மகனுடன் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஹென்றி பிராக், சிறுவராக இவ்வூரின் இலக்கணப் பள்ளியில் பயின்றவரே. பள்ளிக்கு அருகில் வானளாவிய கோபுரத்துடன் செயிண்ட் டயோனிசியஸ் தேவாலயம் இருக்கிறது. சற்றுத் தள்ளி, ஒரு காலத்தில் பெண்களுக்கான உள்ளாடை தைத்த சிமிங்டன் ஆலை உள்ளது. இன்று அந்த ஆலையில்தான் ஊராட்சி மன்ற அலுவலகமும் நூலகமும் காட்சிச்சாலையும் இயங்குகின்றன.

இன்னொரு செய்தியும் நமக்குச் சுவையானது. 1841-இல் இவ்வூரிலிருந்து லெஸ்டருக்கு நடந்து சென்ற தாமஸ் குக் என்னும் மரவேலைக்காரருக்கு வழியில் ஓர் எண்ணம் தோன்றியது. மக்களைக் கூட்டமாக இரயிலில் அழைத்துச் செல்லலாமே என்பதுதான் அது. உலகெங்கும் சுற்றுலாத் தொழிலாகப் பரவியது அவ்வெண்ணமே.

என் மக்கள் வீடு வாங்கிய பகுதி லிட்டில் பௌடன். ஒரு காலத்தில் தனிச் சிற்றூராய், நார்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்ததாய் இருந்தது. இன்று இரயில் நிலையத்துக்கு நடந்தே செல்லக்கூடிய ஒரு குடியிருப்பாகிவிட்டது. இங்கு மூவகை வீடுகளைக் காணலாம். நம் அக்கிரகாரத்துத் தெருக்களைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் ஒரு வகை. இரண்டிரண்டாக இணைந்தவை மற்றொரு வகை. தோட்டத்தின் நடுவே தனித்து நிற்பவை மூன்றாம் வகை. விலை மிகுந்தவையும் அவையே. வீடுகள் பெரும்பாலும் முழு உரிமையுடன் விற்கப்படுகின்றன. அடுக்குமாடி இல்லங்களோ 99 ஆண்டு, 125 ஆண்டு என்ற நீண்ட குத்தகையில் கிடைக்கின்றன. எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை என்று முதலில் கேட்டறிதல் நலம்.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பர் நம் முன்னோர். இங்கிலாந்தில் வீட்டை வாங்கிப் பார் என்றும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். விற்பவர் விலைக்கு இசைந்த பின்னரும் ஒப்பந்தப் பத்திரங்கள் கைமாறும் வரை அவ்விசைவு எவரையும் கட்டுப்படுத்தாது. இடையில் வேறொருவர் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால் விற்பவர் அவர் பக்கம் சாய்ந்துவிடலாம். வாங்குபவரும் பின்வாங்கலாம். விளம்பரம் செய்யும் தரகர் விற்பவருக்காக உழைப்பவர். நமக்காக உழைப்பவர் ‘சொலிசிட்டர்’ எனப்படும் வழக்கறிஞரும், நாம் அமர்த்தும் கட்டட ஆய்வாளருமே. பத்திரம் கைமாறும்போது வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு முன்பணம் கட்ட வேண்டும். அதன் பின்னர் விலகினால் அப்பணம் போய்விடும்.

இம்முறையில் பாராட்டத்தக்கதும் உண்டு. நிலப்பதிவகத்தின் ஏடுகள் எவருக்கும் திறந்திருக்கின்றன. 1995 முதல் எந்த வீடு என்ன விலைக்கு விற்றது என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வெள்ள அபாயத்தையும் அரசின் வரைபடத்தில் காணலாம். ஆற்றங்கரை ஊராதலின் இது இன்றியமையாதது. வீட்டுவரியோ இன்றளவும் 1991 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பைக் கொண்டே எட்டு வகுப்புகளாக விதிக்கப்படுகிறது! ஊரின் விளிம்பில் எழும் புதுக் குடியிருப்புகளில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் பலவற்றில் சாலையையும் புல்வெளியையும் பேணுவதற்காக ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும்.

இனி, நம் குடும்பங்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகின்றேன். வீடு வாங்குவோர் அரசுக்கு முத்திரை வரி செலுத்துகின்றனர். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதப்படி 3,00,000 பவுண்டு விலையுள்ள வீட்டுக்கு வரி 5,000 பவுண்டு. வாழ்நாளில் முதன்முதலாக வீடு வாங்குவோர்க்கு அதே விலையில் வரியே இல்லை. ஆனால் உலகில் வேறெங்கேனும் 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் பெறுமதியுள்ள வீட்டிலோ வீட்டுப் பங்கிலோ உரிமை உடையவர் புதிதாக வாங்கினால், வரி 20,000 பவுண்டாக உயர்கிறது. கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு உரிமை இருந்தாலும் போதும். நம் ஊர்ப் பூர்விக வீட்டின் பங்கும் இக்கணக்கில் சேரும் என்பதைப் பலர் அறியார். கடந்த 3 ஆண்டுகளுக்குள் மரபுரிமையாக வந்ததும் பாதிக்கு மேற்படாததுமான பங்குக்கு மட்டும் இக்கூடுதல் வரியிலிருந்து விலக்கு உண்டு.

என் மகளுக்கு அவள் பாட்டி எழுதிவைத்த கும்பகோணத்து வீட்டில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. வழக்கறிஞரின் படிவம் அதைப் பற்றிக் கேட்டபோது வீட்டில் பெரும் விவாதம் எழுந்தது. பங்கை விட்டுக்கொடுத்துவிடு என்று உறவினர் சிலர் தொலைபேசியில் வற்புறுத்தினர். விட்டுக்கொடுத்தால் 15,000 பவுண்டு மிஞ்சும் என்பது உண்மையே. முதல் வீட்டுச் சலுகையோ அப்போதும் கிடைக்காது; ஒருமுறை உரிமை பெற்றவர் பெற்றவரே என்பது சட்டம். ஆயின் அவ்வீட்டில் மணமாகாத அவள் அத்தை குடியிருக்கிறார். மகளின் பங்கு போய்விட்டால் மற்ற இருவரும் விற்றுவிடுவர் என்பது எல்லோரும் அறிந்ததே. இரண்டு நாள் மகள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள், “அத்தை இருக்கும்வரை அந்தப் பங்கு இருக்கட்டும் அப்பா” என்றாள். மருமகனும் மறுக்கவில்லை. முழு வரியையும் கட்டினர். அதனால் ஓர் அறை குறைந்த வீடே அவர்களுக்கு வாய்த்தது.

அவ்வீடு வரிசை வீடு. ஒரு சுவர் அடுத்த வீட்டு முதியவருடையது. குடிபுகுந்த வாரத்தில் அவர் வந்து, குப்பைப் பெட்டிகளை எந்த நாளில் எந்த நிறத்தை வெளியே வைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய வரவேற்பு அங்கு இல்லை என்று பின்னர் அறிந்தேன். ஆங்கிலேயர் அழைப்பின்றி வீட்டுக்குள் வாரார். ஆனால் வேலியருகே நின்று அரைமணி நேரம் வானிலை பேசுவர். சுவரின் அப்புறம் உறங்குபவர் முதியவர் என்பதால் இரவு ஒன்பதுக்குமேல் எங்கள் வீட்டில் மிக்சி ஓடுவதில்லை. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் நம் முன்னோர் அயலாரோடு பழகக் கற்றதும் இத்தகைய சிறு ஒழுக்கங்களால்தானே?

அங்கு வீடு வாங்க எண்ணும் நம் பிள்ளைகளுக்கு மூன்று சொற்கள். வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் மழை நாளில் ஒருமுறையும் சென்று பாருங்கள். இந்தியாவிலிருந்து பெற்றோர் பணம் அனுப்புவதாயின், அது வந்த வழியை வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். வங்கிக் கணக்குகளை முன்னரே ஒழுங்குபடுத்தி வையுங்கள். சொந்த ஊரில் பங்கு இருப்பின் வீடு தேடத் தொடங்குமுன் அதைப் பற்றிக் குடும்பத்தார் அனைவரும் கூடிப் பேசுங்கள். பத்திரம் கைமாறும் வாரத்தில் தொலைபேசியில் முடிவு செய்யத்தக்க செய்தியன்று அது.