பின்னோக்கி வினவும் கணக்கு

மொழியியலில் முதுகலை முடித்துக் கணினி மொழியியலில் ஆய்வு செய்யும் எனக்கு, அணுக்கரு இணைவு உலைகளோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்னை அங்கே இழுத்துச் சென்றது ஒரு சொல்: அட்ஜாயிண்ட்.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரில் 2015 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ், ஸ்டெல்லரேட்டர் வகையைச் சேர்ந்த இணைவுக் கருவி. அதில் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்க 70 மீக்கடத்திச் சுருள்கள் உள்ளன. அவற்றுள் 50, ஒரே தளத்தில் அடங்காமல் நெளிந்து முறுகியவை. கைதவறி மிதித்த வளையலைப் போலிருக்கும். அந்த நெளிவு தற்செயலன்று, கணக்கிட்டுப் பெற்றது.

இத்தகைய வடிவம் ஒன்றை 300 எண்களால் குறிப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணையும் சற்றே அசைத்து விளைவைப் பார்ப்பதாயின், சமன்பாடுகளை 301 முறை தீர்க்க வேண்டும். அட்ஜாயிண்ட் முறை கேள்வியின் திசையை மாற்றுகிறது. "இதை அசைத்தால் என்ன ஆகும்?" என்பதற்குப் பதிலாக, "இவ்விளைவு எவ்வெவற்றால் எவ்வளவு அசைகிறது?" என வினவுகிறது. மூலச் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு, அதன் அட்ஜாயிண்ட் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு. ஏறத்தாழ அந்தச் செலவிலேயே 300 விடைகளும் கிடைத்துவிடுகின்றன. மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கையில், பிழையளவு என்னும் ஒற்றை எண்ணிலிருந்து கோடிக்கணக்கான எடைகளுக்குப் பின்னோக்கிச் செல்லும் கணக்கும் இதே குடும்பத்தது.

சிறந்த வடிவத்தைக் கண்டறிவதைவிட, இம்முறை தரும் இன்னொன்றையே நான் பெரிதாக மதிக்கிறேன். பிரின்ஸ்டனில் கட்டப்பட்டுவந்த என்சிஎஸ்எக்ஸ் என்னும் ஸ்டெல்லரேட்டர், செலவும் காலமும் மிகுந்ததால் 2008இல் பாதியில் கைவிடப்பட்டது. சுருள்களுக்கு விதித்திருந்த கடுமையான துல்லிய வரம்புகளும் அதற்கு ஒரு காரணம். சுருளின் எப்பகுதி மில்லிமீட்டரும் பிசகக்கூடாதது, எப்பகுதியைத் தளர்த்தலாம் என்பதை இக்கணக்கின் விடைகள் இடம்வாரியாகச் சுட்டும். பட்டறையில் நிற்பவருக்கு வேண்டியது அதுதான்.

இனி என் துறைக்குரிய கவலை. தமிழ்வழிப் பள்ளிக் கணிதத்தில் அட்ஜாயிண்ட் என்பதற்குச் 'சேர்ப்பு அணி' என்று பயின்றோம். அது இணைக்காரணிகளைக் கொண்டு அமைப்பது. இங்கே பேசப்படுவதோ, மெய்யெண்களைப் பொறுத்தவரை, நிரை நிரல் மாற்று. விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பும் ஆற்றல் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே பெயர் இரண்டுக்கும் அமைந்தது அம்மொழியின் வரலாற்று விபத்து. அதை நாமும் சுமந்தால், 'சேர்ப்பு முறை' என்று படிக்கும் மாணவர் தமக்குத் தெரிந்த தவறான அணியைத் தேடிப் போவார். ஆகவே என் குறிப்புகளில் இப்போதைக்கு அட்ஜாயிண்ட் என்றே எழுதுகிறேன். வகுப்பில் வேறு சொல்லை வழங்கும் இயற்பியல், கணிதத் துறை நண்பர்கள் இருந்தால் கீழே குறிப்பிடுங்கள்.