சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே ஒரு சின்ன மோட்டார்

"கேஸ் குறைஞ்சிருக்கு சார். போட்டா சரியாயிடும்."

கார் ஏ.சி.யில் குளிர்ச்சி வரவில்லை என்று போனால், பல பட்டறைகளில் முதலில் காதில் விழும் வசனம் இதுதான். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். உண்மையாக இல்லாத நேரத்தில்தான் வம்பே!

வேலூரில் ஒரு குடும்பம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பாட்டிக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைய முடியாது என்று, பாட்டிக்காகவே அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். ஆட்டோமேடிக் ஏ.சி. வைத்த கார். 22 என்று பட்டனில் வைத்துவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி தொடங்கிய வாரம், அந்த ஏ.சி. காலை வாரியது. 18-ல் வைத்தாலும் வெதுவெதுப்பான காற்றுதான். மெக்கானிக் கேஸ் போட்டார். பலனில்லை. பத்து நாள் கழித்து "லீக் இருக்கும்" என்று மறுபடி போட்டார். அதற்கும் பலனில்லை. மொத்தம் 3,600 ரூபாய் காலி. வேறொரு பெரிய சர்வீஸ் சென்டரில் கேட்டால், டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், 14,000 ஆகும் என்றார்கள்.

"வண்டியைத் தள்ளிவிட்டுடலாம்னு பார்க்கிறேன்" என்றார் அப்பா.

பையனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். காலையில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் எங்கேயோ "டக்... டக்... டக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மூன்று வாரமாக அது இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

பானெட்டைத் திறந்தான். ஏ.சி.யை ஓட விட்டு, ஓடுகிற ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், கேபினிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிற தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வெளியே வேர்த்திருந்தது.

"அப்பா, இங்க தொட்டுப் பாருங்க. குளிர் வருது. உள்ளதான் வந்து சேரலை."

"மெக்கானிக் இருபது வருஷமா இதே வேலை செய்யறாருடா. நீ ரெண்டு செமஸ்டர் படிச்சிட்டுப் பேசறே."

தொட்டுப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது? டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் இரண்டு காயில்கள். ஒன்று கூலிங் காயில். இன்னொன்று ஹீட்டர் காயில். எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர் இதற்குள்ளும் ஓடும். எஞ்சின் சூடானபின் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரி. வேலூரில் யார் ஹீட்டர் போடப் போகிறார்கள் என்று நினைக்கலாம். ஆனால் பல கார்களில் நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தச் சூடு எப்போதும் அங்கே தயாராகக் காத்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு. குளிர்ந்து வரும் காற்றை ஹீட்டர் காயில் வழியாக எவ்வளவு அனுப்புவது, அதைத் தொடாமல் எவ்வளவு அனுப்புவது என்று பங்கு பிரிப்பது இதன் வேலை. குமிழைத் திருகும் சாதாரண மாடல்கள் பலவற்றில் ஒரு கேபிள் இந்தக் கதவை இழுக்கும். ஆட்டோமேடிக் ஏ.சி.யில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மோட்டார், நாலைந்து பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் மூலம் அதைத் திருப்பும்.

இந்த வசதி ஒரே நாளில் வந்ததில்லை. 1939-ல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்திய காரை அறிமுகப்படுத்தியபோது, கம்ப்ரசரை நிறுத்த சுவிட்ச் கிடையாது. வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954-ல் நாஷ் நிறுவனம் சூட்டையும் குளிரையும் ஒரே அமைப்பாக்கி காரின் முன்பக்கமே வைத்தது. வெப்பநிலையைச் சொன்னால் போதும், மிச்சத்தை வண்டி பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு 1964-ல் கேடிலாக்கில் வந்தது. இவ்வளவு வரலாறும் கடைசியில் அந்தக் கதவின் முனையில் வந்து நிற்கிறது. மோட்டாருக்குள் ஒரு பல் உடைந்தால் எல்லாம் போச்சு. கதவு நின்ற இடத்திலேயே நிற்கும். மோட்டார் மட்டும் வீணாகச் சுற்றும். அந்த "டக் டக்" உடைந்த பல் வழுக்குகிற சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தார்கள். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஏர்பேக் இருப்பதால் இதில் அவசரம் கூடாது. பிறகு க்ளவ் பாக்ஸை இறக்கினான். கறுப்புப் பெட்டியின் பக்கவாட்டில் மோட்டார் தெரிந்தது. மூன்று ஸ்க்ரூ. இரண்டு கைக்கு எட்டியது. மூன்றாவது பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில். பையன் கை போகவில்லை. அப்பா கையும் போகவில்லை. அரை மணி நேரம் போனது.

"தள்ளுங்க ரெண்டு பேரும்" என்று அம்மா வந்தார். வளையல்களைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, சின்ன ஸ்க்ரூட்ரைவரோடு கையை உள்ளே விட்டார். அப்பா முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்க, பையன் டார்ச் அடிக்க, ஐந்தே நிமிடத்தில் ஸ்க்ரூ வெளியே வந்தது. இன்ஜினியரிங் காலேஜ் தோற்ற இடம் அது :-)

மோட்டாரைப் பிரித்தார்கள். வெள்ளைச் சக்கரம் ஒன்றில் இரண்டு பல் இல்லை. அடுத்து பையன் கதவின் தண்டை விரலால் திருப்பிப் பார்த்தான். லேசாகத் திரும்பியது. இதைப் பார்க்காமல் புது மோட்டார் போடக் கூடாது. கதவு இறுகியிருந்தால் புதுப் பல்லும் சீக்கிரமே உடையும்.

அப்போது அப்பா ஒரு யோசனை சொன்னார். "கதவைக் குளிர் பக்கம் திருப்பி ஒரு கம்பியால கட்டிடு. நம்ம ஊர்ல ஹீட்டர் யாருக்கு வேணும்? காசும் மிச்சம்."

நியாயமான கேள்விதான். பையனிடமும் பதில் இல்லை. கட்டியே விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதில் கிடைத்தது. மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டி சந்தோஷமாகப் போனார். "இப்பதான்டா கண்ணு மூச்சு விட முடியுது." நாலு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது, டயாலிசிஸ் முடிந்த உடம்பு நடுங்கியது. வெளியே நாற்பது டிகிரி, உள்ளே பாட்டி போர்வையைக் கேட்கிறார். ஏ.சி.யை நிறுத்தினால் ஜன்னலைத் திறக்க வேண்டும், அனல் அடிக்கும். 27-ல் வைத்தாலும் கட்டிப் போட்ட கதவு குளிரை மட்டும்தான் விடும். ப்ளோயரைக் குறைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. வழியெல்லாம் அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்த மோட்டார் எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

காட்பாடியில் ரயில் ஏறி சென்னை போனான் பையன். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக்கும் அதே அளவு வயதானதுதானே? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவே வாங்கினான். 2,200 ரூபாய். பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய் கப்ளரும் தண்டு நுழையும் ஓட்டையும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தான்.

மாட்டும்போது முதலில் உட்காரவில்லை. அழுத்தப் போனான். "உட்காராததை அமுக்காதே" என்றார் அப்பா. கதவின் தண்டை விரலால் கொஞ்சம் திருப்பியதும், ஒரு பக்கம் தட்டையான அந்த முனை தானாகப் போய் உட்கார்ந்தது. மூன்றாவது ஸ்க்ரூவுக்கு மறுபடி அம்மா. பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, ஒரு நிமிடம் எந்தப் பட்டனையும் தொடாமல் இருந்தார்கள். மோட்டார் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை போய்வந்து, தன் எல்லையைக் கற்றுக்கொண்டது. டக் டக் இல்லை.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பாட்டி கேட்பதற்கு முன்பே அப்பா 22-ஐ 27 ஆக்கினார். மெதுவாக, வெதுவெதுப்பான காற்று வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாப் தாண்டுவதற்குள் பாட்டி தூங்கிப்போனார்.

அந்த மெக்கானிக் கெட்டவரில்லை. அவர் பார்த்த வண்டிகளில் கேஸ்தான் குறைந்திருக்கும். குளிரை உண்டாக்கும் வேலை வேறு, அதைக் கொண்டுசேர்க்கும் வேலை வேறு என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை யாராவது "கேஸ் போடணும்" என்றால், ஒரே ஒரு வேலை செய்யுங்கள். முதலில் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பிறகு பர்ஸைத் திறக்கலாம்.