காசு இல்லை என்று சொன்னேன்

சிவகங்கை மாவட்டத்தில் ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு சின்ன ஊராட்சிக்கு 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை தலைவராக இருந்தேன். சாக்கடை வேலைக்கென்று வந்த பணத்தை என் தெரு வாய்க்காலுக்கே செலவழித்தேன். கீழத்தெருக்காரர்களிடம் காசு இல்லை என்றேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். தணிக்கையில் இது தவறாக வரவில்லை. வாய்க்காலும் சுகாதாரக் கணக்கில்தான் சேரும். அதனால் நானே சொன்னால்தான் உண்டு.

பணம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். 2021-22 முதல் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனையோடுதான் வந்தது. அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. சம்பளத்துக்கு அதைத் தொடக் கூடாது என்று இருந்தது. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீர் வேலைக்காகத் தலைக்கு 280 ரூபாய் வரை கிடைத்தது. அதில் 30 சதவீதத்தை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டியிருந்தது. எங்கள் ஊருக்கு 2,80,000 ரூபாய். வீட்டு உறிஞ்சிக்குழிகளை அப்போது நூறு நாள் வேலையிலேயே எடுக்க முடிந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் எங்களுக்குப் போதும். உறிஞ்சிக்குழிக்கு மண்ணும் தோதாக இருந்தது. கரிசலாக இருந்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கும். எங்களுடையது செம்மண், விட்ட தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு அவசியமும் கூடிவிட்டது. ஜல் ஜீவன் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி அதில் மூன்றில் இரண்டு பங்காவது வெளியே வரும். ஆயிரம் பேருக்கு 35,000 லிட்டருக்கு மேல். குடத்தில் சுமந்த காலத்தில் கொல்லை வாழைக்கே பற்றாமல் இருந்த தண்ணீர் தெருவில் ஓடத் தொடங்கியது.

ஓவர்சியர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வீட்டுக்கு வீடு உறிஞ்சிக்குழி: அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, குழிக்கு முன்னால் கசடு தங்க ஒரு சின்னத் தொட்டி. அந்தத் தொட்டியை மட்டும் அவ்வப்போது அள்ளிப்போட வேண்டும். இன்னொன்று, சிமெண்ட் வாய்க்கால். குழியை மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. வாய்க்கால் தெரியும், திட்ட மதிப்பீட்டோடு என் பெயர் எழுதிய பலகையும் தெரியும். என் தெருவில் ஓட்டும் அதிகம். வாய்க்கால் என்றேன்.

"சரி தலைவரே, எங்க கொண்டுபோய் முடிக்கிறது?" என்று கேட்டார்.

"ஊரணி வரத்துக்கால்ல விட்டுருங்க" என்றேன்.

எங்கள் தெரு மேடு, கீழத்தெரு பள்ளம். கீழத்தெருவில் இருப்பவர்கள் பட்டியல் சாதியினர். நான் அந்தச் சாதி இல்லை. அந்த ஊரணி அவர்கள் குளிக்கிற, துவைக்கிற, மாடு குளிப்பாட்டுகிற ஊரணி. பள்ளத்துக்குத்தானே தண்ணீர் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பள்ளத்தில் என் வீடு இருந்திருந்தால் வேறு இடம் தேடியிருப்பேன்.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஊரணி கெட்டுவிட்டது. வாய்க்கால் வாயில் சாம்பல் நிறச் சேறு, அதில் ஷாம்பு உறைகள். படித்துறையில் கால் வைத்தால் வழுக்கியது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

2022-ல் ஒரு கிராம சபை. கீழத்தெரு அக்கா ஒருவர் எழுந்தார். "தலைவரே, ஒங்க தெருத் தண்ணி எல்லாம் எங்க ஊரணிக்குத்தான் வரணுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"பாப்போம்க்கா. ஊராட்சியில காசு இல்ல."

அன்று சுகாதாரப் பங்கின் அடுத்த தவணை கணக்கில் இருந்தது. வாய்க்காலை ஊரணிக்கு முன்பே மறித்து ஒரு கசடுத் தொட்டியும் சமுதாய உறிஞ்சிக்குழியும் கட்டியிருக்கலாம். எங்கள் தெருவில் நாற்றம் அடிக்கிறது என்று என் பங்காளிகள் சொன்னதால், அந்தப் பணத்தில் எங்கள் தெரு வாய்க்காலுக்குச் சிலாப் மூடி போட்டேன். அக்கா கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம் என்று செயலரிடம் சொன்னவனும் நான்தான்.

நிதிப் பற்றாக்குறை என்று மேடையில் பேசும் தலைவர்களோடு நானும் பேசியிருக்கிறேன். பராமரிப்புக்குப் பணம் பற்றாது என்பதும், தவணை தாமதமாக வரும் என்பதும் உண்மைதான். ஆனால் எங்கள் ஊரணி பணம் இல்லாமல் கெடவில்லை. நான் கெடுத்தேன்.

என் பதவிக்காலம் முடிந்ததும் ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. பணம் இருந்தது என்று அந்த அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த கிராம சபையில் கீழத்தெரு ஆட்கள் முன்னால் சொல்லப்போகிறேன். அவர் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், கசடுத் தொட்டியை முதல் வேலையாக எடுக்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.