இறுக்குனா சத்தம் போவாதுல!

மூன்று வருஷமாகத் தாத்தா அந்த ஒர்க்‌ஷாப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி அவர். பேரன் வாச்சியைத் தொடாமல் கார் டிங்கரிங் வேலைக்குப் போனதில் மனத்தாங்கல். ஒரே வீட்டில் சாப்பிட்டாலும் பேச்சு ‘குழம்பு ஊத்து’ என்பதோடு சரி.

அந்த மௌனத்தைக் கலைத்தது ஒரு யூடியூப் வீடியோ. 1920-களில் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றை யாரோ பழுது பார்க்கிறார்கள். வெளித்தகட்டைக் கழற்றினால், உள்ளே முழுக்க மரச்சட்டம்! பேரன் போனை நீட்ட, தாத்தா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“ஏல, இது தோணில்லா! கவுத்துப் போட்ட தோணி.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜினோடு சேஸிஸை மட்டும்தான் விற்கும். பாடியைக் கட்டித்தர பார்க்கர், ஹூப்பர் என்று தனிப் பட்டறைகள் இருந்தன. எல்லாம் குதிரை வண்டி கட்டிப் பழகிய கைகள். நம் மகாராஜாக்களின் கார்கள் பலவும் அப்படி வந்தவைதான். சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ப்சனும் கோச் வண்டி கட்டிய கம்பெனியே. 1903-ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவி கார் ஒன்றையே உருவாக்கிவிட்டார்.

சட்டத்துக்கு ஆஷ் மரம். சுத்தியல் பிடி செய்கிற மரம் அது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், சட்டென்று முறியாது. அதன்மேல் கையால் தட்டி வளைத்த தகட்டைப் போர்த்துவார்கள். தோணியில் அடியில் ஓடுவது ஏரா. அதிலிருந்து விலா எலும்பு மாதிரி எழும்புவது வங்கு. கருவேலம் போல இயற்கையாகவே வளைந்த மரத்தைத் தேடிப்பிடித்து வங்குக்கு வைப்பார்கள்.

சரி, சத்தம்? தகடும் மரமும் நேருக்கு நேர் உரசினால் கிறீச்சிடும். அதனால் நடுவில் கம்பளிப் பட்டை கொடுத்தார்கள். விமானியாக இருந்த சார்ல்ஸ் வெய்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். மரத்துண்டுகள் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று, சின்ன இடைவெளி விட்டு இரும்புப் பட்டைகளால் இணைத்தார். வெளியே தகட்டுக்குப் பதில் துணி. மேடு பள்ளத்தில் பாடி நெளியும்; ஆனால் முனகாது. பிறகு மெஷினில் அழுத்திச் செய்த இரும்பு பாடி வந்து, இந்த வேலையெல்லாம் அருகிப்போனது.

தாத்தாவின் சாமர்த்தியம் கலப்பத்து அடிப்பதில். பலகைச் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, கொட்டாப்புளியால் உளியைத் தட்டி இறக்குவார். தண்ணீர் பட்டதும் பஞ்சு உப்பி, சந்தை அடைக்கும். அளவு மீறி இறுக்கினால் பலகை விட்டுக்கொடுக்கும். தளர்ந்தால் கொழும்பு போய்ச் சேருவதற்குள் சரக்கு நனையும். போதுமா, போதாதா என்பதைத் தட்டும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். இப்போது காது மந்தம். மரத்தோணிக்கு ஆர்டரும் அபூர்வம்.

அந்த வாரம் ஒரு வாடிக்கையாளரின் கார் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. பின்கதவில் ‘கடகட’. பேரன் கண்ணில் பட்ட ஸ்க்ரூவையெல்லாம் இறுக்கியாயிற்று.

“தாத்தா, ஒரு எட்டு வந்து பாக்கியளா?” கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்பில் காரை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து கதவில் உள்ளங்கையைப் பதித்தார். காதுக்கு எட்டாதது கைக்கு எட்டியது போலும்.

“இறுக்குனா சத்தம் போவாதுல. எடம் மாறும். ரெண்டுக்கும் நடுவுல மெத்துனு ஏதாச்சும் கொடு.”

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால், அவர் கை வைத்த இடத்திலேயே ஒரு இரும்புப் பட்டை தகட்டில் உரசித் தேய்ந்திருந்தது. கம்பளித் துணியில் விரலகலம் வெட்டி ஒட்டினான் பேரன்.

மறுநாள் காரை எடுக்க வந்தவர் கதவை மூன்று தடவை சாத்திப் பார்த்தார். “என்னப்பா மாத்துன?”

“தாத்தாட்ட கேளுங்க சார்.”

தாத்தா அங்கே இல்லை. பக்கத்தில் நின்ற அம்பாசடரின் கதவில் கையை வைத்துக்கொண்டு, “ஏல, இதைக் கொஞ்சம் ஓட்டு” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.